இரு கட்சி முறை நிலைப்பது ஏன்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்புக்கு விடைகொடுத்துவிட்டு, பார்சல் ஆபீசில் பேரேடும் ரசீதுமாகக் காலங்கழிக்கும் ஒருவன் அரசியல் தத்துவம் பேச வந்திருப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நம் சங்க நூலகத்தில் மாலை வேளைகளில் பத்திரிகை படிக்கக் கூடுவோரிடையே ஒரு வாதம் ஓயாமல் நடந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். "இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் போல நம் நாட்டிலும் இரண்டே கட்சிகள் இருந்துவிட்டால் ஆட்சி சீராக நடக்கும்" என்பார் ஒரு சாரார். "அப்படி வந்தால் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் வந்து சிதறிக் கிடக்கும் சிறு கூட்டத்தாரின் குரல் எங்கே கேட்கும்?" என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரு செய்தியை ஆராயாமலே விட்டுவிடுகின்றனர். இரண்டு கட்சி என்பது ஒரு நாட்டார் விரும்பி அமைத்துக்கொள்வதா, தானே வந்து அமைவதா? வந்தது ஏன் போவதில்லை? இதைத் தெளிந்த பிறகுதான் அது நமக்கு நன்றா தீதா என்று பேச முடியும்.

மனித இயல்பே இரண்டாகப் பிரிவதுதான் என்று சொல்வாருண்டு. ஆம், இல்லை என்ற இரண்டு விடைகளே எந்தக் கேள்விக்கும் உள்ளன. ஆகவே கட்சிகளும் இரண்டுதாம் என்பது அவர்கள் கூற்று. வேறு சிலர், ஆங்கிலேயரின் நிதான புத்தியே இதற்குக் காரணம் என்பர். இவ்விரண்டும் எனக்கு உடன்பாடல்ல. ஹாலந்து நாட்டாரும் நிதானத்திற்குப் பேர்போனவர்களே. அவர்களுடைய பார்லிமெண்டின் கீழ்ச்சபையில் 150 ஸ்தானங்கள். அவற்றைப் பத்துக்கு மேற்பட்ட கட்சிகள் பங்கிட்டுக்கொள்வது அங்கே வாடிக்கை. இஸ்ரேல் பார்லிமெண்டில் 120 ஸ்தானங்கள். எந்தத் தேர்தலிலும் ஒரு கட்சி தனியாகப் பாதியைத் தாண்டியது கிடையாது. ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள் அந்நாட்டாருக்கும் உள்ளனவே! எனவே காரணத்தை மக்களின் குணத்தில் தேடிப் பயனில்லை. ஓட்டுகளை எண்ணும் முறையில் தேட வேண்டும்.

வீட்டுக் கணக்கு ஒன்று சொல்கிறேன். நம் சங்கத்தில் 100 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விழாவில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் பணமிருக்கிறது. நாடகம் வேண்டுமென்று 40 குடும்பங்களும், பாட்டுக் கச்சேரி வேண்டுமென்று 35 குடும்பங்களும், பட்டிமன்றம் வேண்டுமென்று 25 குடும்பங்களும் சீட்டுப் போடுகின்றன. அதிகச் சீட்டு எதற்கோ அதுவே நடக்கும் என்பது விதி. நாடகம் வென்றது. 60 குடும்பங்கள் நாடகம் கேட்கவில்லை. ஆனாலும் நாடகமே நடந்தது.

அடுத்த ஆண்டு என்ன நடக்கும்? பட்டிமன்றத்தார் இரவில் படுத்தபடி யோசிப்பார்கள். "நமக்கு வெற்றி கிட்டப்போவதில்லை. நம் சீட்டை வீணாக்குவானேன்? நாடகத்தைவிடக் கச்சேரி தேவலை" என்று சிலர் நகர்வார்கள். கச்சேரிக்காரர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். "இடையிலே அரைமணி நேரம் உங்கள் பேச்சாளர் ஒருவருக்குத் தருகிறோம், எங்களோடு வாருங்கள்" என்று அழைப்பார்கள். இதைக் கேள்வியுற்ற நாடகக்காரர்கள், "எங்கள் நாடகத்தில் நீதிமன்றக் காட்சி ஒன்று சேர்க்கிறோம், வாதம் எல்லாம் அதிலே வந்துவிடும்" என்று எதிர் அழைப்பு விடுப்பார்கள். மூன்றாம் ஆண்டு பார்த்தால் இரண்டே கூட்டம்தான் இருக்கும். பட்டிமன்றம் செத்துவிடவில்லை; இரு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஒளிந்திருக்கும். இதையே வேறு விதியில், அதாவது மூன்று மணி நேர நிகழ்ச்சியைச் சீட்டின் விகிதப்படி பங்கிடுவது என்று வைத்திருந்தால், பட்டிமன்றத்தார்க்கு 45 நிமிடம் உரிமையோடு கிடைத்திருக்கும். அவர்கள் யாரோடும் சேரவேண்டிய தேவையே எழுந்திராது.

இந்த எளிய கணக்கைத்தான் மோரிஸ் துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் 1951இல் கட்சிகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு விதியைப் போல எடுத்துரைத்தார். தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு யாருக்கோ அவருக்கே வெற்றி என்ற முறை இரு கட்சிகளை வளர்க்கும். விகிதாசார முறை பல கட்சிகளை வளர்க்கும் என்பது அவர் கூற்றின் சாரம். இது இரண்டு வழிகளில் வேலை செய்கிறது என்றும் அவர் பிரித்துக் காட்டினார். மூன்றாம் கட்சிக்கு ஓட்டு விகிதத்துக்குத் தக்க ஸ்தானம் கிடைக்காமற் போவது ஒன்று. இதைக் கண்ட வாக்காளர் அடுத்த முறை அதற்கு ஓட்டளிக்கத் தயங்குவது மற்றொன்று. முன்னது எந்திரத்தின் வேலை; பின்னது மனத்தின் வேலை.

எந்திரத்தின் வேலை எவ்வளவு கடுமையானது என்பதற்கு இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்குக. அவ்வாண்டு லிபரல் கட்சியும், தொழிற்கட்சியிலிருந்து பிரிந்து வந்தோர் அமைத்த சோஷியல் டெமாக்ரடிக் கட்சியும் கூட்டுச் சேர்ந்து நின்றன. அவர்களுக்கு நூற்றுக்கு 25 ஓட்டு கிடைத்தது. தொழிற்கட்சிக்கு நூற்றுக்கு 27க்குச் சற்று மேல். இரண்டு பங்கே வேற்றுமை! ஸ்தானங்களோ, தொழிற்கட்சிக்கு 209, கூட்டணிக்கு 23. தொழிற்கட்சியின் ஓட்டுகள் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த ஊர்களில் குவிந்து கிடந்தன. கூட்டணியின் ஓட்டுகள் நாடெங்கும் சமமாகத் தூவப்பட்டிருந்தன. குவிந்து கிடப்பவர்க்கு இந்த முறை தாய், தூவப்பட்டவர்க்கு மாற்றாந்தாய். இந்த இடத்தை மனத்திலே குறித்துக்கொள்ளுங்கள். நம்மைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் இதற்கு வருவேன்.

இங்கிலாந்தின் கட்சி வரலாறு நீண்டது. 1679 முதல் 1681 வரை, கத்தோலிக்கரான ஜேம்ஸ் இளவரசர் பட்டத்துக்கு வரலாமா கூடாதா என்று எழுந்த பூசலில் விக், டோரி என்ற இரண்டு பிரிவுகள் தோன்றின. இரண்டும் எதிரிகள் வைத்த வசைப் பெயர்களே. டோரி என்பது அயர்லாந்துக் கொள்ளைக்காரரைக் குறித்த சொல். விக் என்பது ஸ்காட்லாந்துக் கலகக்காரரைக் குறித்த சொல். வசையையே விருதாக அணிந்துகொண்டு இரு சாராரும் இருநூறாண்டு காலம் நடந்துவிட்டனர்! விக்குகள் பின்னர் லிபரல்களாயினர், டோரிகள் கன்சர்வேடிவ்களாயினர்.

ஆனால் இரு கட்சி முறை நிலைத்தது என்றால் அதே இரு கட்சிகள் நிலைத்தன என்று பொருளல்ல. 1906இல் லிபரல் கட்சி பெருவெற்றி பெற்று ஆண்டது. 1916இல் அதன் தலைவர்களான ஆஸ்க்வித்தும் லாயிட் ஜார்ஜும் பிரிந்தனர். 1918இல் ஓட்டுரிமை விரிந்து, தொழிலாளர் வீடுகளிலிருந்து இலட்சக்கணக்கான புது வாக்காளர்கள் வந்தனர். 1923 தேர்தலில் லிபரல்களுக்கு 158 ஸ்தானம். 1924 தேர்தலில் 40. அந்த 1924 ஜனவரியிலேயே தொழிற்கட்சி முதன்முதலாக மந்திரிசபை அமைத்திருந்தது. மூன்று கட்சிகளுக்கு இடமில்லை என்பதால் ஒன்று இறங்க வேண்டியதாயிற்று. மற்றொன்று அதன் ஆசனத்தில் அமர்ந்தது. நம் வழக்கில் சொல்வதானால், வண்டியின் எண் மாறவில்லை, பெட்டிகள்தாம் மாறின.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கேதான் இந்த முறை மிகக் கெட்டியாக ஊன்றியிருக்கிறது. வேடிக்கை என்னவெனில், 1787இல் அரசியல் சட்டத்தை வரைந்த பெரியோர் கட்சிகளையே விரும்பவில்லை. அந்தச் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே இல்லை. முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1796இல் வெளியிட்ட பிரிவுரையில் கட்சிப் பூசலைக் குறித்து நாட்டாரை எச்சரித்தார். அவர் எச்சரிக்கும்போதே அவருடைய மந்திரிகளாயிருந்த ஹாமில்டனும் ஜெபர்சனும் எதிர் எதிர்க் கட்சிகளின் தலைவர்களாகிவிட்டிருந்தனர்!

அங்கே ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகத் தேர்வாளர்கள் உண்டு. இன்று அவர்கள் தொகை 538. வெற்றிக்கு 270 வேண்டும். மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்கள் நீங்கலாக மற்ற 48 மாநிலங்களிலும், எவர் ஓர் ஓட்டு அதிகம் பெறுகிறாரோ அவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும். நம் நாடக - கச்சேரிக் கணக்கு அங்கே மாநில அளவில் நடக்கிறது என்று கொள்ளலாம்.

இதன் விளைவைப் பாருங்கள். 1912இல் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தம் ரிபப்ளிகன் கட்சியோடு பிணங்கிப் புதுக்கட்சி கண்டு நின்றார். அவர்பால் மக்களுக்கு அளவற்ற செல்வாக்கு இருந்தது. அவருக்கு நூற்றுக்கு 27 ஓட்டும், அவருடைய பழைய கட்சியின் டாப்டுக்கு 23 ஓட்டும் விழுந்தன. இருவர் சண்டையில் 42 ஓட்டுப் பெற்ற டெமாக்ரடிக் கட்சியின் உட்ரோ வில்சன் 435 தேர்வாளர்களோடு வென்றார். 1992இல் டெக்ஸாஸ் செல்வர் ராஸ் பெரோ என்பவர் தம் கைப்பணத்தைச் செலவழித்துத் தனியே நின்றார். ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் பேர் அவருக்கு ஓட்டளித்தனர். அது நூற்றுக்குப் பத்தொன்பது. கிடைத்த தேர்வாளர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்தில் புஷ் 537 ஓட்டு வித்தியாசத்தில் வென்று ஜனாதிபதியானார். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ப் நேடருக்கு 97,000க்கு மேல் ஓட்டுகள். அவர்களுள் பெரும்பாலோர் புஷ்ஷைவிட அவருடைய எதிராளி கோரையே விரும்பியிருப்பர் என்று அன்றுமுதல் இன்றுவரை பேசுகின்றனர். இத்தகைய பாடம் ஒன்றிரண்டு கண்ட வாக்காளர், மூன்றாமவர் நல்லவரே ஆயினும், பெட்டியருகே சென்றதும் கை பின்வாங்குவதில் வியப்பென்ன?

ஆயினும் எண்ணும் முறை ஒன்றே முழுக் காரணமென்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கட்சிகள் விழுங்கிச் செரிக்கும் வயிறு படைத்தவை. 1892இல் விவசாயிகள் திரண்டு பாப்புலிஸ்ட் கட்சி கண்டனர். வருமான வரி வேண்டும், செனட்டர்களை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ரயில்வேயைச் சர்க்காரே ஏற்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகளுட் சில. அவ்வாண்டுத் தேர்தலில் 22 தேர்வாளர்களைப் பெற்று இரு பெருங்கட்சிகளையும் திடுக்கிடச் செய்தனர். 1896இல் டெமாக்ரடிக் கட்சி அவர்களுடைய கொள்கைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பிரையன் என்பவரை வேட்பாளராக்கியது. பாப்புலிஸ்டுகளும் அவரையே ஆதரிக்க நேர்ந்தது. அத்தோடு அக்கட்சி கரைந்தது. 1913இல் வருமான வரியும் செனட்டர் நேர்த் தேர்தலும் அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டன. கட்சி மாண்டது, கோரிக்கை ஆண்டது. ரயில்வேக் கோரிக்கை மட்டும் பெருங்கட்சிகளின் காதில் ஏறவில்லை; என் போன்றோருக்கு அதிலே ஒரு சிறு வருத்தமுண்டு.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கட்சியின் பெயர் நிலைத்திருக்கையில் அதன் உள்ளே இருப்போர் அடியோடு மாறிவிடுகின்றனர். அடிமை முறை பற்றிய பூசலில் விக் கட்சி உடைந்தபோது 1854இல் பிறந்தது ரிபப்ளிகன் கட்சி. 1860இல் லிங்கனை ஜனாதிபதியாக்கியது அதுவே. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநில வெள்ளையர் அதன்மேல் கொண்ட கசப்பால் நூறாண்டுக் காலம் டெமாக்ரடிக் கட்சியின் கோட்டையாக நின்றனர். 1964இல் டெமாக்ரடிக் ஜனாதிபதி ஜான்சன், நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் சம உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்வாண்டுத் தேர்தலில் ஜான்சனே நாடெங்கும் வென்றார். ஆனால் தெற்கின் ஆழத்தில் ஐந்து மாநிலங்கள் ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்தன. பின் சில பதிற்றாண்டுகளில் தென்மாநிலங்களுட் பெரும்பாலானவை லிங்கனின் கட்சிக்குக் கோட்டையாயின. லிங்கனை வணங்கிய கறுப்பின மக்களோ 1930களிலிருந்தே டெமாக்ரடிக் கட்சிக்கு வரத் தொடங்கியிருந்தனர். வீட்டை இடிக்காமலே குடியிருப்போர் இருவரும் வீடு மாற்றிக்கொண்டதைப் போன்றது இது. கட்சி வேட்பாளரைக் கட்சித் தலைவர்கள் அல்லாமல் வாக்காளரே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல் முறையும் இதற்கு உதவி. கலகக்காரன் புதுக்கட்சி தொடங்கி அலைய வேண்டியதில்லை. பழைய கட்சிக்குள்ளேயே நுழைந்து தலைவரைத் தோற்கடிக்கலாம். இடித்துத் தள்ளும் காற்றுக்குக் கதவு திறந்திருப்பதால் சுவர் விழாமல் நிற்கிறது.

இனி, விதியையே மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். மாற்ற வேண்டியவர் யார்? அந்த விதியால் வென்று உள்ளே அமர்ந்திருப்பவர். ஏணியில் ஏறியவரிடமே ஏணியை எடுத்துவிடச் சொல்வது எளிதன்று. இங்கிலாந்தில் 2011இல் வாக்காளர் வரிசைப்படி ஓட்டளிக்கும் முறையைப் பற்றிப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 68 பேர் வேண்டாமென்றனர். ஆனால் நியூஜிலாந்தில் மாறியிருக்கிறது. அங்கே 1978இலும் 1981இலும் தொழிற்கட்சி அதிக ஓட்டுப் பெற்றும் நேஷனல் கட்சியே ஆட்சி அமைத்தது. 1981இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாங்கட்சிக்கு நூற்றுக்கு 20க்கு மேல் ஓட்டு. கிடைத்தது 2 ஸ்தானம். இந்த அநியாயத்தை மக்கள் மறக்கவில்லை. 1992, 1993 ஆண்டுகளில் பொதுவாக்கெடுப்பு வைத்து, 1996 முதல் விகிதாசாரம் கலந்த முறைக்கு மாறினர். அமெரிக்காவிலும் மெயின் மாநிலம் 2018இலும் அலாஸ்கா 2022இலும் வரிசைப்படி ஓட்டளிக்கும் முறையைக் கையாளத் தொடங்கின.

இம்முறை ஆட்சியை எவ்வாறு உருவாக்குகிறது என்பதை இனி நோக்குவோம். இங்கிலாந்தில் இதன் சிறப்பு, பொறுப்பு யாருடையது என்பது ஐயமின்றித் தெரிவது. ஒரு கட்சி ஆள்கிறது. கெட்டால் அதைக் கேட்கலாம். மாற்று மந்திரிசபை எதிர் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவருக்குச் சர்க்கார் சம்பளமே 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆண்டுக்கு 2,000 பவுன் என்று வகுத்துவிட்டார்கள். தன்னைத் திட்டுவதற்குத் தானே சம்பளம் கொடுக்கும் பெருந்தன்மையை எந்த ஆபீசிலே காண்போம்! 1941இல் ஜெர்மன் குண்டு வீச்சில் காமன்ஸ் சபையின் மண்டபம் அழிந்தது. அரைவட்டமாகக் கட்டலாமே என்றவர்களை மறுத்து, 1943இல் பிரதம மந்திரி சர்ச்சில், பழையபடி இரு வரிசை எதிர் எதிரே அமரும் நீள்சதுர வடிவமே வேண்டுமென்று வாதாடினார். அரைவட்டத்தில் ஒருவர் சிறுகச் சிறுக நகர்ந்து கட்சி மாறிவிடலாம். எதிர் வரிசைக்குச் செல்வதோ எல்லோர் கண்ணெதிரே நடந்து போவதாகும் என்பது அவர் எண்ணம். கட்டடமும் கட்சி முறைக்குக் காவல் நின்றது.

இதன் குறையை நம் துறையைக் கொண்டே விளக்குவேன். 1948 ஜனவரி 1ஆம் தேதி தொழிற்கட்சி ஆட்சி அந்நாட்டு ரயில்வேக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கியது. இரும்பு எஃகுத் தொழிலையும் ஏற்றுக்கொண்டது. பின்வந்த கன்சர்வேடிவ் ஆட்சி எஃகைத் தனியாருக்குத் திருப்பிவிட 1953இல் சட்டமியற்றியது. 1967இல் தொழிற்கட்சி மீண்டும் எடுத்துக்கொண்டது. 1988இல் கன்சர்வேடிவ்கள் மீண்டும் விற்றனர். உலையிலே இரும்பு காய்வதைவிட உரிமையாளர் பெயர்ப்பலகை மாறுவது அதிகமாயிற்று. ரயில்வேயில் முதலில் இவ்வளவு ஆட்டமில்லை. 1963இல் கன்சர்வேடிவ் ஆட்சியின்கீழ் டாக்டர் பீச்சிங் 2,000க்கு மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடலாமென்று அறிக்கை தந்தார். பெரிய அளவில் மூடுவதை நிறுத்துவோம் என்று சொல்லி 1964இல் வந்த தொழிற்கட்சியும் மூடிக்கொண்டேதான் சென்றது. அங்கே இரு கட்சி, ஆனால் ஒரே பூட்டு! பிறகு 1993இல் கன்சர்வேடிவ் ஆட்சி சட்டமியற்றி, தண்டவாளத்தை ஒரு கம்பெனிக்கும் வண்டிகளை இருபத்தைந்து கம்பெனிகளுக்குமாகப் பிரித்தது. தண்டவாளக் கம்பெனி 2001இல் நொடித்தது. 2024இல் வந்த தொழிற்கட்சி ஆட்சி, பயணி வண்டிகளைத் திரும்பவும் சர்க்கார்வசம் கொண்டுவரச் சட்டமியற்றி, 2025 மே மாதம் அதன்படி முதல் கம்பெனியை ஏற்றது. ஒரு சிப்பந்தி பணியில் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் சர்க்கார் ஊழியராகவும் கம்பெனி ஊழியராகவும் மறுபடி சர்க்கார் ஊழியராகவும் மாறியிருக்கக்கூடும். கொள்கை ஊசலாடும்போது ஊசலில் அமர்ந்திருப்பவர் ஊழியர்.

அதே இரு கட்சி முறை அமெரிக்காவில் வேறு விளைவைத் தருகிறது. அங்கே ஜனாதிபதி வேறு, கீழ்ச்சபை வேறு, செனட் வேறு, தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரு கட்சி ஒன்றையும் மறு கட்சி மற்றொன்றையும் பிடித்துக்கொண்டால் வண்டிக்கு இரு பக்கமும் எஞ்சின் பூட்டி எதிர் எதிரே இழுப்பது போலாகும். செனட்டில் பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடிக்கவே 100 பேரில் 60 பேர் வேண்டும். வரவு செலவு மசோதா நிறைவேறாவிடில் சர்க்கார் ஆபீசுகளே மூடப்படும். 2018 டிசம்பரில் தொடங்கிய பூசலில் 35 நாட்கள் இவ்வாறு நின்றன. ஏறக்குறைய 8 லட்சம் ஊழியர்கள், வீட்டிலிருந்தவரும் வேலை செய்தவருமாக, சம்பளமின்றி இருந்தனர். 2025 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கியது 43 நாட்கள் நீண்டது. சம்பளம் பின்னால் வந்தது உண்மை. ஆனால் பால்காரரும் வீட்டுக்காரரும் பின்னால் வருவதாகச் சொல்வதில்லையே. மாதம் முதல் தேதியை நம்பி வாழும் நம் காலனிக் குடும்பங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா.

மற்றொரு செய்தி. இரண்டு கட்சிகள் இருந்தால் இரண்டும் நடுவழிக்கு வரும் என்று நெடுங்காலம் நம்பினர். நீண்ட பிளாட்பாரத்தில் இரண்டு தேநீர்க் கடைக்காரர் இருந்தால், பயணிகளில் பாதிப்பேரையாவது தன் பக்கம் வைத்துக்கொள்ள ஒவ்வொருவரும் நடுப்பகுதிக்கே நகர்ந்து கடைசியில் அருகருகே நிற்பார்கள் அல்லவா? கடைகளைப் பற்றி இக்கருத்தை ஹெரால்டு ஹோட்டலிங் 1929இல் கூறினார். 1957இல் அந்தோணி டவுன்ஸ் கட்சிகளுக்கு விரித்துரைத்தார். இங்கிலாந்தில் 1951இல் இவ்விரு கட்சிகளும் நூற்றுக்கு 96க்கு மேல் ஓட்டுப் பெற்ற காலத்திற்கு இது பெரிதும் பொருந்தியது. ஆனால் பயணிகள் எல்லாம் பிளாட்பாரத்தின் இரு முனையிலேயே கூடிவிட்டால்? ஒவ்வொரு கடைக்காரரும் தம் முனை வாடிக்கையை வேறொருவர் பறித்துவிடுவாரோ என்றே அஞ்சுவார். அமெரிக்காவில் பல தொகுதிகள் ஒரே கட்சிக்கு உறுதியானவை. அங்கே பொதுத் தேர்தலைவிட முன்தேர்தலே ஆபத்து. ஆகவே நடுவழி காலியாகி வருகிறது.

இங்கிலாந்திலும் பழைய உறுதி இல்லை. 2024 தேர்தலில் இரு பெருங்கட்சிகளும் சேர்ந்து நூற்றுக்கு 58 ஓட்டுக்கூடப் பெறவில்லை. தொழிற்கட்சி 34க்கும் குறைந்த ஓட்டில் 650 ஸ்தானங்களுள் 411ஐப் பெற்றது. ரிபார்ம் என்ற புதுக்கட்சி நூற்றுக்கு 14 ஓட்டுப் பெற்று 5 ஸ்தானமே கண்டது. 12 ஓட்டுப் பெற்ற லிபரல் டெமாக்ரட்டுகள் 72 ஸ்தானம் கண்டனர். குவிதலும் தூவுதலும் செய்யும் வேலை! மக்கள் மனத்திலே இரண்டு கட்சி தளர்ந்தபோதும், எண்ணும் முறை முட்டுக் கொடுத்து அதை நிறுத்தியிருக்கிறது.

நம் நாட்டிலும் அதே எண்ணும் முறைதானே, இங்கே ஏன் இரு கட்சி வரவில்லை என்ற கேள்வி எழும். விதி வேலை செய்வது தொகுதிக்குள். நாடு முழுவதற்கும் ஒரே இரண்டு கட்சிகளை அது ஒட்டித் தராது. கேரளத்தில் 1982 முதல் 2016 வரை இரண்டு கூட்டணிகள் மாறி மாறி ஆண்டதும், 2021இல் அவ்வழக்கம் முறிந்ததும் யாவரும் அறிந்ததே. தமிழ்நாட்டில் 1967 முதல் 2021 வரை நடந்த சட்டசபைத் தேர்தல்கள் ஒவ்வொன்றின் பின்னும் தி.மு.க. அல்லது அ.தி.மு.க.வே ஆட்சி அமைத்தது. 2006இல் புதிதாக வந்த தே.மு.தி.க. நூற்றுக்கு 8 ஓட்டுப் பெற்றும் ஒரே ஸ்தானம்தான் பெற்றது. மாநிலந்தோறும் இரண்டு; ஆனால் அந்த இரண்டு வேறு வேறு. எல்லாவற்றையும் டெல்லியில் கூட்டினால் பலவாகின்றன. அதோடு, சிதறிய எதிரிகளிடையே பெரிய கட்சிக்கு இந்த முறை பேருதவி. 1952இல் முடிந்த முதல் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் நூற்றுக்கு 45 ஓட்டில் 489இல் 364 ஸ்தானம் பெற்றது. 2014இல் பாரதீய ஜனதா 31 ஓட்டில் 282 பெற்றது. ஆகவே, "இரண்டே கட்சி வேண்டும்" என்று நூலகத்தில் வாதிடும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இத்தனை மொழிகளும் மாநிலங்களும் உள்ள நாட்டில் இரண்டு கூட்டணி அமையலாம், இரண்டு கட்சி அமைவதை நான் எதிர்பார்க்கவில்லை, விரும்பவும் இல்லை.

முன்பு குறித்துக்கொள்ளச் சொன்ன செய்திக்கு வருகிறேன். நாம் தூவப்பட்டவர்கள். வங்காளி, தெலுங்கர், ஒரியர் என்று அண்டை வீட்டார் பலரிடையே தமிழ்க் குடும்பங்கள் ஒரு லைனில் நாலு, அடுத்த லைனில் இரண்டு என்று இருக்கின்றோம். நமக்கென ஒரு கட்சி கண்டால் அது பட்டிமன்றத்தாரின் கதையாகவே முடியும். ஆனால் இரு கட்சிப் போட்டியில் தூவப்பட்டவர்க்கு வேறொரு பலம் உண்டு. இரண்டும் சமபலமாய் மோதும் தொகுதியில் 200 ஓட்டு பெரிய ஓட்டு. புளோரிடாவில் 537 ஓட்டு ஒரு நாட்டின் தலைவரையே முடிவு செய்ததைச் சொன்னேன். அத்தகைய தொகுதியில் இரு வேட்பாளரும் தமிழில் இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவர். தண்ணீர்க் குழாயும் தமிழ் வகுப்புக்கு ஓர் அறையும் கேட்கலாம். ஒரு கட்சி 20,000 ஓட்டில் வெல்லும் தொகுதியாயின் இருவரும் வாரார். வெல்பவருக்கு நாம் வேண்டியதில்லை, தோற்பவருக்கு நாம் போதா. மேலும், இந்த பலமும் பெயர் பட்டியலில் இருந்தால்தான். ஊரிலே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்று வைத்துக்கொள்வதைச் சட்டம் ஏற்காது. இரண்டு இடத்திலும் இல்லாமல் இருப்போரோ நம்மிடையே பலர். மாற்றல் ஆர்டர் வந்தவுடன் ரேஷன் கார்டை மாற்றத் துடிக்கிறோம். வாக்காளர் பட்டியலை மறந்துவிடுகிறோம். குடும்பத் தலைவர் பெயர் இருந்து, தாய்மார் பெயர் விடுபட்ட வீடுகளும் நம் காலனியில் உண்டு.

பெயர் சேர்க்கும் 6ஆம் எண் படிவமும், இடம் மாறியோர்க்கான 8ஆம் எண் படிவமும் நூலக மேஜையில் வைத்திருக்கிறேன். நிரப்பத் தெரியாதவர்க்கு நான் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். படிவம் நிரப்புவதுதானே என் தொழில். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்க விரும்புவோர் காபிக்குப் பிறகு கேட்கலாம்.